மர ஊமத்தை: பருவம் கடத்தல், கவாத்து, போத்து நடுதல்

மும்பை மாநகரில், தாராவியின் ஒரு பகுதியாக விளங்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வெறும் மண்ணைக் காண்பது அரிது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இப்பகுதியில் சந்துகள் குறுகியவை. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. எனினும் வாயிற்படியின் ஓரத்திலும், மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியின் அடியிலும், தகரக் கூரையின் விளிம்பிலும் செடி வளர்க்கும் வழக்கம் அற்றுப்போகவில்லை. துளசியும் கற்றாழையும் கறிவேப்பிலையும் எண்ணெய்த் தகரங்களிலும் பழைய வாளிகளிலும் வளர்கின்றன. உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்று திரும்புவோர், அங்கே வேலியோரங்களில் வெண்ணிறக் குழல்களைப்போலப் பூக்கள் தொங்கும் குறுமரத்தைக் கண்டு, அதன் கொம்பு ஒன்றை ஒடித்துக்கொண்டு வருதல் எளிது. அதுவே மர ஊமத்தை.

இச்செடியை இத்தகைய நெருக்கமான குடியிருப்பில் வளர்த்தல் தகுமா, வளர்ப்பதாயின் எம்முறையில் வளர்ப்பது என்று கேட்போருக்கு விடையளிக்கும் பொறுப்பு, களப்பணியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு. இதனைப் பற்றிய வழிகாட்டி நூல்களிற் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. அக்டோபரில் செடியை வெட்டி, நிலவறையில் வைத்து, மே மாதத்தில் வெளியே எடுக்குமாறு அவை கூறும். அந்தக் காலக்கணக்கை மும்பையில் அப்படியே பின்பற்றுபவர், பூக்கவேண்டிய பருவத்தில் செடியை உறங்கவைத்து, காக்கவேண்டிய பருவத்தில் வெயிலுக்கும் மழைக்கும் இரையாக்கியவர் ஆவார்.

செடியின் இனமும் பெயரும்

ஊமத்தை என்னும் சொல் வடமொழியில் பித்தம் கொண்டதைக் குறிக்கும் உன்மத்தம் என்பதன் வழிவந்தது. செடியின் பெயரிலேயே எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. தரிசிலும் இருப்புப்பாதை ஓரத்திலும் தானே முளைக்கும் ஊமத்தையை மராட்டியர் தோத்ரா என்பர். சிவராத்திரி நாளில் அதன் காயும் மலரும் மும்பைப் பூச்சந்தைகளில் விற்கப்படுகின்றன. மர ஊமத்தை இதன் நெருங்கிய உறவு. ஆயினும் வேறு பேரினம்.

இரண்டையும் பிரித்தறிதல் கடினம் அன்று. ஊமத்தை இடுப்பளவு உயரும் பூண்டு. அதன் பூ வானை நோக்கி நிமிர்ந்திருக்கும். காய் முள் நிறைந்த உருண்டை. மர ஊமத்தையோ கட்டை பாய்ந்து ஓர் ஆள் உயரத்தை விஞ்சி நெடுங்காலம் வாழ்வது, அதன் பூ நிலத்தை நோக்கித் தொங்கும், காய் முள்ளற்றது. நம் நாட்டு மலைகளில் மிகுதியாகக் காணப்படும் புரூக்மான்சியா சுவேவியோலென்ஸ் என்னும் இனத்தின் பூ 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மாலை மயங்கியபின் மணம் பெருகும். அம்மணம் பருந்து விட்டில் எனப்படும் பெரிய இரவு விட்டில்களை அழைப்பதற்கு உரியது.

லின்னேயஸ் 1753-ல் இவ்வகைக் குறுமரத்தை ஊமத்தைப் பேரினத்திலேயே வைத்தார். 1805-ல் பெர்சூன் என்பவர் அதனைப் பிரித்து, டச்சு நாட்டு இயற்கைநூல் அறிஞராகிய புரூக்மான்ஸ் என்பவரின் பெயரால் புரூக்மான்சியா என்னும் புதிய பேரினத்தை அமைத்தார். பின்வந்தோர் இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கினர். 1973-ல் லாக்வுட் என்னும் அமெரிக்கத் தாவரநூலார் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின்னரே இது தனிப் பேரினம் என்பது உறுதியாயிற்று. இதனால் பழைய நூல்களில் மர ஊமத்தை டாட்டூரா என்னும் பெயரிலேயே காணப்படும். ஆசிரியர்கள் அதனைக் கண்டு மயங்கவேண்டியதில்லை.

இப்பேரினத்தில் ஏழு இனங்கள் உள்ளன. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரும் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதியும் இவற்றின் தாயகம். வியப்பு யாதெனில், இவ்வேழினில் ஒன்றேனும் இன்று தாயகத்தில் காட்டு நிலையில் இல்லை. ஏழும் காட்டில் அற்றுப்போனவை என்றே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பதிவு செய்துள்ளது. மனிதர் கொம்பை ஒடித்து நட்டுவந்ததனாலேயே இவை பிழைத்திருக்கின்றன. போத்து நடுதல் என்னும் எளிய வேலைக்கு இதைக்காட்டிலும் பெரிய சான்று தேவையில்லை.

குளிர்ச்சியை மிகவும் விரும்பும் இனங்களும் வெப்பத்தைத் தாங்கும் இனங்களும் இவற்றுள் உண்டு. ஆண்டிஸ் உயரங்களுக்குரிய அர்போரியா, சாங்குவினியா ஆகியவை மும்பையில் வாழமாட்டா. பிரேசிலின் மழைக்காடுகளுக்குரிய சுவேவியோலென்சும், எக்குவடோரின் தாழ்நிலத்துக்குரிய வெர்சிகலரும் ஓரளவு வாழும். உதகையில் வேலியாக நிற்பதுபோல் மும்பையிலும் தழைக்கும் என்று எவருக்கும் உறுதி கூறுதல் நன்றன்று. நிழலும் நீரும் உரிய காலத்தில் கிடைத்தால் தொட்டியில் வளர்ந்து, குளிர்ந்த மாதங்களில் பூக்கும் என்று கூறலாம்.

நச்சுத் தன்மை

வளர்ப்பு முறைக்கு முன்னரே இதனைக் கூறுதல் முறை. மர ஊமத்தையின் வேர், தண்டு, இலை, பூ, விதை ஆகிய எல்லா உறுப்புகளும் நஞ்சு. ஸ்கோபாலமின், ஹையோசயமின், அட்ரோபின் ஆகிய மூன்று நச்சுப் பொருள்கள் இதில் உள்ளன. இவற்றை மருத்துவர்கள் அளவறிந்து பயன்படுத்துகின்றனர் என்பது உண்மையே. பூச்சிகொல்லி மருந்தினால் நஞ்சேறிய உழவருக்கு மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போடப்படுவதைக் களப்பணியாளர் அறிந்திருப்பர். ஆனால் செடியில் நஞ்சின் அளவு கிளைக்குக் கிளை, பருவத்துக்குப் பருவம் மாறுவது. ஊமத்தை இலையைப் புகைத்தால் இரைப்பு தணியும் என்னும் பழைய கைவைத்தியத்தைக் கேள்விப்பட்டவர், இதன் இலையையும் அவ்வாறு பயன்படுத்த முற்படலாம். அதனைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும்.

நஞ்சு உட்சென்றவருக்கு வாய் வறளும், உடல் காயும், ஆனால் வியர்க்காது, முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், சிறுநீர் கட்டும், பின்னர் அறிவு கலங்கி, இல்லாத பொருளை எட்டிப்பிடிக்க முயல்வார். குழந்தைகளிடத்தில் இது விரைவாகவும் கடுமையாகவும் தோன்றும். பூவின் அடிக்குழலை உறிஞ்சித் தேன் குடிக்கும் விளையாட்டு, இட்லிப்பூவோடு பழகிய குழந்தைகளுக்கு இயல்பானது. அதனால் பூவும் ஆபத்தானதே.

இவ்வகை ஐயம் எழுந்தால் வாயைக் கழுவிவிட்டு, வாந்தி எடுக்கச் செய்யாமல், மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். லேபர் கேம்ப் மக்களுக்கு அண்மையிலுள்ள பெரிய மருத்துவமனை சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. சந்து குறுகியதாயின் ஆம்புலன்சு உள்ளே வராது. 108 எண்ணில் அழைத்தபின் குழந்தையைப் பெருஞ்சாலைக்குத் தூக்கிவந்து காத்திருத்தல் நேரத்தை மிச்சப்படுத்தும். தின்ற இலையையோ பூவையோ ஒரு தாளில் மடித்து உடன் எடுத்துச்செல்லுதல் நன்று.

பலரும் அறியாத இன்னொன்றும் உண்டு. கவாத்து செய்தவர் சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டால், அந்த ஒரு கண்ணின் மணி மட்டும் விரிந்து, சில நாள்வரை அவ்வாறே இருக்கும். ஒரு கண்மணி மட்டும் விரிந்திருப்பது மூளையில் அடிபட்டதற்கும் அடையாளமாகையால், அதனைக் காணும் மருத்துவர் பெருநோயை ஐயுற்று, தேவையற்ற சோதனைகளைச் செய்ய நேரிடும். மர ஊமத்தையை வெட்டியதாக ஒரு சொல் சொன்னால் போதும், அக்கவலை நீங்கும்.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால், குழந்தைகள் தவழ்ந்தும் ஓடியும் விளையாடும் சந்தின் தரையில் இச்செடியை வைப்பது தவறு என்றே கூறவேண்டும். ஆடு மேயும் இடத்திலும் வைத்தல் ஆகாது. மேல்மாடியின் கைப்பிடிச் சுவருக்கு உட்புறமோ, பூட்டக்கூடிய பள்ளித் தோட்டமோ, பொறுப்பானவர் ஒருவரின் கண்பார்வையில் உள்ள மேடையோ இருந்தால் மட்டும் வளர்க்கலாம். அவ்வாறு இடம் இல்லாதவரிடம் மல்லிகையோ இரவுராணியோ வளர்க்குமாறு சொல்லாமல், இரவுராணியும் ஓரளவு நஞ்சுடையதாகையால், மல்லிகையையே பரிந்துரைத்தல் வேண்டும். செடி ஏற்கனவே வீட்டில் இருக்குமாயின், அதனைப் பிடுங்கச் சொல்லுமுன் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதன் இயல்பை அறிந்தவரிடம் அது இருப்பது, அறியாதவர் குப்பையிலிருந்து எடுத்து நடுவதைக்காட்டிலும் மேலானது.

மும்பையில் எது குளிர்காலம்?

குளிர்நாட்டினர் மர ஊமத்தையைக் குளிர்காலம் கடத்தும் முறை சுருக்கமாக இது. உறைபனி விழுமுன் கிளைகளைக் குறைத்து, தொட்டியோடு உள்ளே எடுத்து, 5 முதல் 10 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள இருண்ட அறையில் வைப்பர். இலைகள் உதிரும். வேர் முற்றிலும் உலராத அளவுக்கு மட்டும் எப்போதாவது சிறிது நீர் ஊற்றுவர். வேனில் பிறந்ததும் சிறுகச் சிறுக வெளிச்சத்துக்குக் கொணர்வர். உதகையிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவதால் நுனிகள் கருகுவதுண்டு. அங்கே அடிமரத்தைச் சுற்றிச் சருகு மூடாக்கு இட்டு, கருகிய பகுதியைப் பனிக்காலம் முடியும்வரை வெட்டாமல் விடுதல் போதுமானது. வேர் உயிரோடிருந்தால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

மும்பையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூசில் காணப்பட்ட 7.4 டிகிரி. அதுவும் மர ஊமத்தையைக் கொல்லும் குளிர் அன்று. ஆகவே இங்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலம் செடி ஒடுங்கும் காலம் அன்று. அது தழைத்துப் பூக்கும் காலம். இரவு குளிர்ந்து, பகல் வெளிச்சமாய், காற்று வறண்டிருக்கும் அம்மாதங்களே இதன் மலைநாட்டுத் தாயகத்தை ஓரளவு ஒத்தவை.

இச்செடிக்கு மும்பையில் இரண்டு கடும்பருவங்கள் உண்டு. முதலாவது, ஏப்ரல், மே மாதங்களின் வெப்பம். பகல் வெயிலைக்காட்டிலும் தணியாத இரவே இதற்குத் தீங்கு செய்கிறது. இரவும் வெப்பமாயிருந்தால் மொக்குகள் அரும்பாமலோ, அரும்பியபின் மஞ்சளித்தோ உதிர்ந்துவிடும். தகரம் அல்லது சிமெண்டு அட்டைக் கூரைமேல் வைத்த தொட்டியில் வேர் வெந்துபோகும். ஆதலால் மார்ச்சு இறுதியிலேயே கூரையிலிருந்து இறக்கி, காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரின் ஓரத்துக்கு மாற்றவேண்டும். இலை பெரிதாகையால் நீர் மிகுதியாக ஆவியாகும். நண்பகலில் இலை தொய்வதைக் கண்டதும் நீர் ஊற்றுவது பலருடைய வழக்கம். மண் ஈரமாயிருந்தும் இலை தொய்ந்தால், அது தாகம் அன்று; வெப்பத்தின் களைப்பு. மாலையில் தானே நிமிரும். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுதல் நல்லது.

இரண்டாவது கடும்பருவம் மழை. தென்மேற்குப் பருவமழை மும்பைக்கு வழக்கமாக ஜூன் 11 அளவில் வந்து, அக்டோபர் 8 அளவில் விலகுகிறது. ஆண்டு முழுவதற்கும் உரிய 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையின் பெரும்பகுதி இந்நான்கு மாதங்களில் பெய்துவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்து, மித்தி ஆறு பெருகித் தாராவியின் தாழ்ந்த பகுதிகள் நீரில் அமிழ்ந்தன. அத்தகைய வெள்ளத்தில் எந்தத் தொட்டியும் தப்பாது. ஆனால் ஆண்டுதோறும் செடிகளை அழிப்பது அந்தப் பெருவெள்ளம் அன்று. துளை அடைத்த தகரத்துக்குள் மூன்று வாரம் தேங்கிநிற்கும் சாதாரண மழைநீரே அழிக்கிறது. வேருக்குக் காற்று கிடையாமல் அழுகல் தொடங்கி, அடித்தண்டு மென்மையாகும். மேலே இலை வாடுவதைக் கண்டு மேலும் நீர் ஊற்றுபவரும் உளர்.

ஆகவே குளிர்நாட்டார் நிலவறையில் செய்வதை மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூரைத் தாழ்வாரத்தில் செய்யவேண்டும். தொட்டியை இரண்டு செங்கல்மேல் உயர்த்தி, அடித்துளையைக் குச்சியால் குத்தித் திறந்து, மழை நேராக விழாத, ஆயினும் வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் வைத்தல் வேண்டும். இருட்டறை வேண்டுவதில்லை, குளிர் இல்லாத இருட்டில் செடி வெளிறி மெலியும். எரு நிறுத்தப்படவேண்டும். இக்காலத்தில் பூவை எதிர்பார்த்தல் கூடாது. இடையே சில பூக்கள் தோன்றினும் அதற்காகத் திறந்தவெளிக்கு மாற்றுவது வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

தாராவி நிலம் மாகிம் கழியை ஒட்டிய சதுப்பைத் தூர்த்து உருவானது. பல இடங்களில் அடிநிலம் உவர்ப்பானது. எனவே தரையில் நடுவதைவிடத் தொட்டி நன்று. தாராவியிலேயே உள்ள கும்பார்வாடாவில் குயவர்கள் சுட்டு விற்கும் மண்தொட்டிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாயிருக்கும். முதலாண்டுக்கு 25 சென்டிமீட்டர் வாயகலமுள்ளதும், பின்னர் 40 சென்டிமீட்டருள்ளதும் போதும். பழைய பொருள்களைத் தரம்பிரிக்கும் பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பகுதியில் பிளாஸ்டிக் பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கும். ஆயினும் சாயமோ இரசாயனமோ வந்த பீப்பாய் எத்தனை முறை கழுவினாலும் ஐயத்துக்குரியதே.

ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் ஆகிய கலவை பொருந்தும். இட்லி வாணிபம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதியில் இருப்பதால் தேங்காய் நாருக்குப் பஞ்சமில்லை. நாரை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, பழுப்புநீரை இருமுறை வடித்தபின் பயன்படுத்தவேண்டும். தாராவியின் வடவெல்லையில், குப்பைமேடாயிருந்த நிலத்தில் உருவாகி 1994-ல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, கெட்ட நிலத்தையும் இலைமக்கால் திருத்தலாம் என்பதற்கு அருகிலுள்ள சான்று. மாணவரை அழைத்துச் செல்லத்தக்க இடமும் ஆகும்.

குழாய்நீர் சில மணி நேரமே வரும் தெருக்களில், அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் இச்செடிக்கு உகந்தவை. துணி துவைத்த சவர்க்கார நீர் ஆகாது. பூக்கும் மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை கடலைப்பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளித்த நீரை ஊற்றலாம்.

கவாத்து

மர ஊமத்தையின் கவாத்து ஒரே ஓர் உண்மையைச் சார்ந்தது. நாற்றோ போத்தோ முதலில் கிளையின்றி ஒரே தண்டாக நிமிர்ந்து வளரும். ஓர் உயரத்தை எட்டியதும் நுனி இரண்டாகப் பிரிந்து கவையாகும். சிறுவர் கவண் செய்யும் கவட்டைக் கொம்பு போன்ற அந்தக் கவையின் கீழே பூ ஒருபோதும் தோன்றாது; மேலேதான் தோன்றும். ஒவ்வொரு கவையிலும் பூக்கள் அரும்பி, கிளை மீண்டும் பிரிந்து செல்லும். இதனை அறியாதவர், ரோஜாவை வெட்டுவதுபோல் தண்டைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டிவிடுவர். செடி சாகாது, செழிப்பாகவே துளிர்க்கும். ஆனால் அது மீண்டும் ஒற்றைத் தண்டாக வளர்ந்து, புதிய கவை விட்டபின்னரே பூக்கவேண்டும். ஓர் ஆண்டுப் பூ இழப்பாகும். செடி நன்றாயிருக்கிறது, பூக்கவில்லை என்னும் முறையீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகையால் முதற்கவையைக் கண்டறிந்து, அதற்குமேல் ஒவ்வொரு கிளையிலும் நான்கு முதல் ஆறு கணுக்களை விட்டு வெட்டவேண்டும். கவை தெளிவாகத் தெரியாத பழைய செடியில் இலையே வழிகாட்டும். கவைக்குக் கீழுள்ள இலையின் அடி இருபுறமும் ஒத்திருக்கும். மேலுள்ள இலையின் அடியில் ஒருபுறம் சற்று மேலேயும் மறுபுறம் சற்றுக் கீழேயும் காம்போடு சேரும். ஒத்த அடி இலை, ஒவ்வா அடி இலை ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால், மாணவர் ஒருமுறை கண்டதை மறக்கமாட்டார்.

மும்பையில் முதன்மைக் கவாத்து மழை விலகிய அக்டோபர் நடுவில் செய்யத்தக்கது. அப்போது தோன்றும் புதுக்கிளைகளே குளிர்ந்த மாதங்களில் பூக்கும். மே மாதத்தின் முற்பகுதியில் இலேசான ஒரு கவாத்து உண்டு: மெலிந்தவை, உள்நோக்கி வளர்ந்தவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகியவற்றை மட்டும் நீக்குதல். இதனால் பருவக்காற்றில் தொட்டி சாயாது. உள்ளே காற்றோட்டமும் பெருகும். ஜூன் வரை தாமதித்தால் வெட்டுவாய் ஆறுமுன் மழைநீர் இறங்கும். தண்டின் நடுவே சோறு மென்மையானது. அழுகல் எளிதில் கீழே பரவும். வெட்டுவாயைச் சாய்வாக அமைத்தால் நீர் நில்லாமல் வழிந்துவிடும்.

வெட்டுபவர் கையுறை அணியவேண்டும். வேலை முடியும்வரை முகத்தைத் தொடலாகாது. பீடி பிடிப்பவரும் புகையிலை போடுபவரும் தொடங்குமுன் சவர்க்காரத்தால் கைகழுவுதல் இன்றியமையாதது. இது நாகரிகத்துக்காகச் சொல்லப்படுவது அன்று. மர ஊமத்தை புகையிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. புகையிலைத் தேமல் நச்சுயிர் உலர்ந்த புகையிலையிலும் உயிர்த்திருந்து, விரல் வழியே செடிக்குள் புகக்கூடும். அந்நோய் கண்ட செடியின் இலையில் வெளிர்பச்சைத் திட்டுகள் தோன்றி, பூ சிறுத்து உருத்திரியும். அதற்கு மருந்தில்லை. ஒரு செடியை வெட்டிய கத்தியைக் கொதிநீரில் முக்கியபின்னரே அடுத்த செடிக்குக் கொண்டுசெல்லவேண்டும். வறண்ட மாதங்களில் செஞ்சிலந்தியும் வெள்ளை ஈயும் இலையின் அடிப்புறம் சேரும். இலையின் கீழ்ப்புறத்தை நீரால் பீச்சிக் கழுவுதலும், வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளித்தலும் பெரும்பாலும் போதும்.

வெட்டிய தழையை ஆட்டுக்குப் போடலாகாது, அடுப்பில் எரிக்கலாகாது, சந்தின் மூலையில் குவிக்கலாகாது. பையில் கட்டி, மாநகராட்சிக் குப்பை வண்டியில் சேர்த்தல் வேண்டும்.

போத்துகள்

நம் நாட்டில் மர ஊமத்தை விதையினால் பெருகுவது அரிது. சுவேவியோலென்ஸ் தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதில்லை. ஒரே செடியிலிருந்து ஒடித்துப் பெருக்கியவை யாவும் உண்மையில் ஒரே செடியே. அவை எத்தனை அடுத்தடுத்து நின்றாலும் பெரும்பாலும் காய்க்கா. எனவே போத்து ஒன்றே வழி. அக்டோபர்க் கவாத்தில் கழிந்த கொம்புகளே அதற்குப் போதுமானவை.

எந்தக் கொம்பைத் தேர்ந்தெடுப்பது என்பதில் முன்கூறிய கவையே மீண்டும் முதன்மை பெறுகிறது. கவைக்கு மேலிருந்து எடுத்த போத்து பூக்கும் இயல்பைத் தன்னோடு கொண்டுவரும். குட்டையாகக் கிளைத்து விரைவில் பூக்கும். கவைக்குக் கீழிருந்து எடுத்தது நிமிர்ந்த தண்டாக வளர்ந்து, தன் கவையைத் தானே அமைத்தபின் பூக்கும். இடம் குறைந்த லேபர் கேம்ப் வீட்டுக்கு மேற்போத்தே தக்கது. மரம்போல் நிழல்தர வளர்க்க விரும்பும் பள்ளித் தோட்டத்துக்குக் கீழ்ப்போத்து ஏற்றது.

சுண்டுவிரல் பருமனும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமும், மூன்று நான்கு கணுக்களும் உள்ள, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கொம்பைத் தெரிந்தெடுக்கவேண்டும். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், தலையைச் சாய்வாகவும் வெட்டுதல் நன்று. இதனால் மழைநீர் நில்லாது என்பதோடு, எது தலை எது கால் என்பதும் மறவாது. தலைகீழாக நட்ட போத்து வேர்விடாமல் அழிவது அடிக்கடி நிகழ்கிறது. நுனியில் சிறிய இலை இரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்து, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் வைக்கலாம்.

நிறமுள்ள கண்ணாடிப் புட்டியில் நான்கு விரற்கடை நீர் விட்டு, அதில் போத்தை நிறுத்தலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் நீருள் அமிழ்ந்த பட்டைமேல் அரிசிமணி போன்ற வெண்புடைப்புகள் தோன்றும். இதனைப் பூஞ்சை என எண்ணிப் போத்தை எறிபவர் பலர். அப்புடைப்புகள் தோன்றிய இடங்களிலேயே வேர்கள் வெளிப்படக் காணலாம். மூன்று வார அளவில் வேர் இரண்டு விரற்கடை நீண்டதும், தாமதியாமல் தொட்டிக்கு மாற்றவேண்டும். நீரில் நெடுநாள் வளர்ந்த வேர் எளிதில் ஒடியும்; மண்ணுக்குப் பழகவும் காலம் எடுக்கும். மணலும் நார்த்தூளும் சமமாகக் கலந்து நேராக நடுபவர், ஈரத்தைக் காக்க மேலே பிளாஸ்டிக் உறை கவிழ்த்து, நாளும் ஒருமுறை அதனைத் திறந்து காற்றுவிடவேண்டும். வேரூக்கித் தூள் இருந்தால் நன்று. இன்றியும் பெரும்பாலானவை பிடிக்கும். ஜூலையில் வைத்த போத்து வேர்விடுமுன் அழுகுவதும், நவம்பரில் வைத்தது தவறாமல் பிடிப்பதும் மும்பையில் எதிர்பார்க்கத்தக்கவை.

டிசம்பரில் தொட்டி ஏறிய கன்றுக்கு முதல் இரு வாரம் நிழலும், பின்னர்க் காலை வெயிலும் கொடுத்தால், ஏப்ரல் வெப்பம் வருமுன் அதன் வேர் தொட்டியை நிறைத்திருக்கும். முதற்கோடையில் தோன்றும் மொக்குகளைக் கிள்ளிவிடுதல் கன்றுக்கு நல்லது. எல்லோருக்கும் மனம் வாராது. வீடு இடிபட்டு வேறிடம் பெயரும் குடும்பங்கள் பெரிய தொட்டியைச் சுமந்துசெல்ல இயலாதபோது, ஈரத்துணியில் சுற்றிய மேற்போத்து இரண்டை எடுத்துச்சென்றால் போதும். ஒரு வாரம்வரை அவை கெடா.

பள்ளியில் போத்துமுறையைக் கற்பிக்கும் ஆசிரியர், வேர்விடும் புட்டியைத் தம் மேசைமேல் வைத்து, மாணவர் எட்டநின்று நாள்தோறும் காணுமாறு செய்யலாம். புட்டியின்மேல் பெயரையும் நஞ்சு என்னும் சொல்லையும் தமிழிலும் மராத்தியிலும் எழுதி ஒட்டுவது நலம். அந்நீரைத் தாமே கொட்டித் தாமே புட்டியைக் கழுவவேண்டும். மாணவர் தம் கையால் வெட்டி நட்டுப் பழகுவதற்குச் செம்பருத்திக் கொம்பைக் கொடுத்தல் வேண்டும். கணு, தலை, கால் யாவும் அதிலும் உண்டு.